ராபர்ட் ஓவனும் மனித சுபாவமும்

மனிதன் தன் குணத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறானா, அல்லது அவன் பிறந்து வளரும் சூழ்நிலை அதை ஆக்கிக் கொடுக்கிறதா என்னும் வினாவுக்குத் தம் ஆயுளையும் செல்வத்தில் பெரும் பகுதியையும் ஈந்தவர் ராபர்ட் ஓவன். 1771-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டு நியூடவுனில், குதிரைச் சேணம் செய்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதில் துணிக்கடைச் சேவகம். இருபத்தோரு வயதிற்குள் மான்செஸ்டரில் 500 பேர் உழைத்த நூல் ஆலைக்கு நிர்வாகி. தனி மனிதனின் முயற்சியே எல்லாம் என்று வாதிப்போருக்கு இவரினும் சிறந்த உதாரணம் அகப்படாது. அவரோ அக்கொள்கையே பொய் என்றார்!

ஸ்காட்லாந்தில் கிளைட் நதிக்கரையிலுள்ள நியூ லானார்க் ஆலைகளை 1800-இல் அவர் ஏற்றார். அங்கிருந்த ஜனங்கள் சுமார் 2,000. அவர்களுள் ஏழை விடுதிகளிலிருந்து வந்த குழந்தைகள் 500 பேர். குடியும் களவும் மலிந்திருந்த அவ்விடத்தில் ஓவன் பிரம்பை நாடவில்லை. வீடுகளைத் திருத்தினார், நயமான விலையில் நல்ல சாமான் விற்கும் கடை வைத்தார், பத்து வயதிற்குட்பட்ட குழந்தைகளை ஆலையினின்று விலக்கினார், 1816-இல் கல்விச்சாலை திறந்தார். அமெரிக்கப் பருத்தி தடைப்பட்டு நான்கு மாதம் இயந்திரங்கள் நின்றபோதும் முழுக்கூலி கொடுத்தார். ஜனங்களின் நம்பிக்கை அன்றுதான் அவருக்குக் கிட்டியது. ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு வர்ணம் தீட்டிய மரத்துண்டொன்று தொங்கும். முந்திய நாள் நடத்தை தீயதாயின் கறுப்பு, மிக நன்றாயின் வெள்ளை, இடைப்பட்டவற்றிற்கு நீலமும் மஞ்சளும் முன்பக்கம் தெரியும். புகழும் பழியும் ஒருவருக்கும் உரியவை அல்ல என்று போதித்தவர் செய்த ஏற்பாடு இது!

ஊர் திருந்தியது, அதைக் காண ஐரோப்பாவின் பிரபுக்கள் வந்தனர். ஆயினும், சாட்சியத்தை எடைபோடும் தொழிலில் பழகிய நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. அவ்வூருக்கு எஜமானர் ஒருவர் இருந்தார். விதிகளை வகுத்தவர் அவர். கூலி கொடுத்தவரும் அவரே. ஜனங்களின் சுபாவம் மாறியதா, அல்லது நல்ல எஜமானருக்கு அவர்கள் இணங்கி நடந்தனரா? இவ்வையம் ஓவனுக்கு எழுந்ததாகத் தெரியவில்லை.

எஜமானர் இல்லாத இடத்தில் சோதனை வந்தது. 1825-இல் அமெரிக்காவின் இந்தியானா மாகாணத்தில், ஒரு மதக்கூட்டத்தார் நிறுவிய கிராமத்தை அவர் விலைக்கு வாங்கி நியூ ஹார்மனி என்று பெயரிட்டார். அறிஞரும் உழைப்பாளிகளும் சோம்பேறிகளும் ஒன்றாக வந்து குவிந்தனர். தேர்ந்தெடுத்துச் சேர்க்காதது ஓவனின் பிழையென்றே கொள்வோம். அவரும் பல மாதம் அங்கு இல்லை. அரசியலமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. கிராமம் பல பிரிவுகளாகப் பிளந்தது. 1827-இல் கூட்டுவாழ்வு கலைந்தது. ஓவனின் சொத்தில் பெரும்பகுதி அதனோடு போயிற்று.

அங்கு வாழ்ந்தவருள் ஜோசையா வாரன் என்னும் சங்கீத வித்துவான் ஒருவர். உடைமையையும் உள்ளத்தையும் பொதுவாக்க முயன்றதே கேட்டிற்குக் காரணம் என்று அவர் முடிவு செய்து, தனி மனிதனின் சுயாதீனத்தைப் போதிக்கப் புறப்பட்டார். அதே ஆண்டு சின்சினாட்டி நகரில் அவர் ஒரு கடை திறந்தார். சரக்கிற்கு அடக்க விலையும், விற்பவன் செலவிட்ட நேரத்திற்கு உழைப்புச் சீட்டும் அங்கே கொடுக்கவேண்டும். விசித்திரம் யாதெனில், 1832-இல் லண்டனில் ஓவன் நிறுவிய பண்டமாற்றுச் சாலையிலும் உழைப்பு நேரத்தைக் குறித்த சீட்டுகளே செலாவணியாயின. சமதர்மியும் தனிமனிதவாதியும் எதிர்த் திசைகளில் நடந்து ஒரே சந்தையில் வந்து நின்றனர்.

அச்சாலையும் நிலைக்கவில்லை. ஓவன் மனம் தளராமல் எழுதியும் பேசியும் வந்தார்; முதுமையில் ஆவிகளோடு உரையாடுவதிலும் ஈடுபட்டார் என்பதை அவர் அன்பர்கள் கூறத் தயங்குவர். 1858 நவம்பரில், 87-ஆம் வயதில், தாம் பிறந்த நியூடவுனுக்கே திரும்பி வந்து உயிர் நீத்தார்.