கைக்கெட்டிய நூலகம்

என் தந்தையார் கொத்தனார். தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்தவர். இந்நகரில் அவர் எழுப்பிய சுவர்கள் எத்தனையோ! ஆயினும் கட்டி முடித்த பின் அக்கட்டடங்களுக்குள் அவர் நுழைந்ததில்லை. கட்டடம் யாருக்காக என்னும் கேள்வி அதனால் இளமையிலேயே என் உள்ளத்தில் பதிந்துவிட்டது. நூலகத்தைப் பொறுத்தவரை அக்கேள்விக்கு விடை கண்ட தமிழர் ஒருவர் இந்நகரிலேயே வாழ்ந்து மறைந்தார். அவர்தாம் சீர்காழி இராமாமிருத அரங்கநாதன்.

1892ஆம் ஆண்டில் சீர்காழியில் பிறந்த அவர், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். மங்களூரிலும் கோவையிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் அதனையே கற்பித்தார். 1924இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகரானார். மாணவர் நிறைந்த வகுப்பறையை விட்டு, ஆள் நடமாட்டமற்ற நூல் நிலையத்தில் அமர்ந்தவருக்குச் சில நாட்களிலேயே சலிப்புத் தட்டிற்று. திரும்பிவிட விரும்பினார். இலண்டன் சென்று பயிற்சி பெற்று வருமாறு பணித்தனர். ஆங்கு உழைப்பாளரும் இல்லத்தரசியரும் சிறுவர்களும் பொது நூலகங்களில் உரிமையோடு நடமாடுவதைக் கண்டார். 1925இல் தாயகம் திரும்பியவர் முற்றிலும் புதிய மனிதர்!

1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை உலகம் அறியும். நூல் பயன்படுவதற்கே உரியது; ஒவ்வொரு வாசகனுக்கும் ஏற்ற நூல் உண்டு; ஒவ்வொரு நூலுக்கும் ஏற்ற வாசகன் உண்டு; வாசகனின் நேரம் வீணாகலாகாது; நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். இவ்வளவுதான். இவை நூலகருக்குரிய அறிவுரைகள் மட்டும் என்று நான் எண்ணியிருந்தேன். ஆழ்ந்து நோக்கியபோது, கட்டட வரைபடமும் இவற்றினுள்ளேயே அடங்கியிருக்கக் கண்டேன்.

நூல் பயன்பட வேண்டுமாயின், மக்கள் நாள்தோறும் கடந்து செல்லும் இடத்திலன்றோ நூலகம் நிற்க வேண்டும்? தூசிக்கு அஞ்சி ஊருக்கு வெளியே கட்டிவிட்டு, யாரும் வரவில்லையே என்று வருந்திப் பயனென்ன? ஏணியில்லாமல் எடுக்க இயலாத நூலும் பூட்டிய நூலும் இல்லாத நூலுக்கு ஒப்பானவையே. தரையில் நிற்பவன் கைக்கு எட்டும் உயரமே அடுக்கின் உயரம். சென்னையில் அடுக்குகளைத் திறந்துவிட்டு, வாசகரைத் தாமே நூல்களிடையே நடக்கவிட்டார். நூல் களவு போகுமே என்று அஞ்சுவோர்க்குக் கட்டட அமைப்பே விடையாயிற்று. வருவதற்கும் போவதற்கும் ஒரே வழி. அவ்வழியில் நூலகர் மேசை.

வெளிச்சத்தையும் அவர் விட்டாரில்லை. இரண்டு அடுக்கு வரிசைகளுக்கு இடையேயுள்ள நடைவழிக்கு நேராகச் சன்னல் அமைய வேண்டும். தப்பி, அடுக்கின் பக்கத்திற்கு நேராக அமைந்தால் பகலிலும் இருளே. ஆகவே அடுக்கை முதலில் அளந்து, அதன் பின்னரே சுவரை வரைய வேண்டும். அழகிய முகப்பை முதலில் எழுப்பிவிட்டு, நூல்களை எங்கே வைப்பது என்று பிறகு தேடுவது தலைகீழ் வேலை.

ஐந்தாம் விதியோ, என் தந்தையார் அறிந்த விதி! பின்னாளில் அறை சேர்க்க வேண்டிவரும் என்று தெரிந்தால், அவர் சுவரின் ஓரத்தில் செங்கற்களை நீட்டிவிட்டே கட்டுவார். வளரும் நூலகத்திற்கும் அத்தகைய முன்நோக்கு வேண்டும் என்பதே அரங்கநாதனின் கருத்து.

சென்னைப் பல்கலைக் கழக நூலகம் 1936இல் கடற்கரையில் தனக்கெனக் கட்டடம் பெற்றது. அவர் இடைவிடாது உழைத்ததன் பயனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் அதனை நிறைவேற்றினார். வீட்டு வரியோடு சேரும் ஒரு சிறு தொகை ஊர் நூலகத்திற்குரியதாயிற்று. 1960இல் நூலகக் கட்டட அமைப்பிற்கென இந்தியத் தர நிர்ணய நிறுவனம் நெறிமுறை வெளியிட்டது. அதனை வகுத்த குழுவின் தலைவரும் அவரே.

1957இல் பெங்களூருக்குக் குடியேறினார். 1962இல் இங்கே ஆவணவியல் ஆய்வு பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1965இல் மைசூர் மாநிலம் இயற்றிய நூலகச் சட்டத்திலும் அவர் உழைப்பு உண்டு. 1972 செப்டம்பரில் இந்நகரிலேயே மறைந்தார். சீர்காழியில் பிறந்தவர் கன்னட நாட்டின் ஊர்களுக்கும் நூலகம் வேண்டுமென்று உழைத்தார் என்பது, பிழைக்க வந்த நம்மனோர் நினைவில் வைக்கத் தக்கது.

தோழர்களே! நம் சங்கத்திற்கு விரைவில் ஓர் அறை கிடைக்கவிருக்கின்றது. கண்ணாடிக் கதவும் பூட்டும் உடைய உயரமான அலமாரிகளை வாங்கலாம் என்று சிலர் விரும்புகின்றனர். இப்போதுள்ள அலமாரியின் சாவிக்காக நான் மூன்று நாள் அலைந்ததுண்டு. நூல்கள் காணாமற் போகலாம் என்னும் அச்சத்தை நான் எள்ளவில்லை; சென்ற ஆண்டு இரண்டு போயின. ஆயினும் இரண்டு நூல்களுக்காக எல்லா நூல்களையும் சிறையிடுவது முறையாகுமா? திறந்த அடுக்குகளை அமைப்போம். வாயிலருகே முறைவைத்து ஒருவர் அமர்வோம். முதல் முறைக்கு என் பெயரை எழுதிக்கொள்க.

அடுக்குகளைச் சுவரில் பொருத்த என் தந்தையாரை அழைத்து வருகிறேன். வேலை முடிந்ததும் இம்முறை அவர் வெளியே போக வேண்டியதில்லை. கை நீட்டி ஒரு நூலை எடுத்துக்கொண்டு உட்காரட்டும்.