துன் ரசாக் மறைந்தபோது மலேசியா ஏன் அப்படி அதிர்ந்தது?

கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக் வழியா நீங்க எத்தனையோ தடவை போயிருப்பீங்க. நெரிசலில் மாட்டிக்கிட்டுப் புலம்பியும் இருப்பீங்க. அந்தப் பெயருக்கு உரியவர் நாட்டின் இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக் ஹுசேன். 1976 ஜனவரி 14ஆம் தேதி, சிகிச்சைக்குப் போயிருந்த லண்டனில் அவர் காலமானார். வயது 53தான்.

தலைவர் இறந்தா மக்கள் அழுவாங்க, அது இயல்பு. ஆனா அன்று துக்கத்தைவிடத் திகைப்புதான் பெரிசு. காரணம், அவருக்கு ரத்தப் புற்றுநோய் இருந்தது மக்களுக்குத் தெரியவே தெரியாது. நெருங்கிய சிலரைத் தவிர யாருக்கும் சொல்லப்படவில்லை.

பஹாங்கின் பெக்கான் பகுதியில் 1922இல் பிறந்தவர். கல்வி அமைச்சராக இருந்தபோது 1956இல் வெளிவந்த ரசாக் அறிக்கைதான் தமிழ்த் தொடக்கப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. நீங்க தமிழ்ப்பள்ளியில் படிச்சவரா? அப்போ உங்க கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு.

அவர் பிரதமரானது 1970இல், மே 13 கலவரத்தின் காயம் ஆறாத நேரம். ஏறக்குறைய அதே காலத்தில்தான் நோயும் கண்டறியப்பட்டது. இதை மனசில் வச்சுக்கிட்டு அடுத்த ஆண்டுகளைப் பாருங்க: 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை, 1974இல் பாரிசான் நேஷனல், அதே ஆண்டு பெய்ஜிங் பயணம். ஆசியான் நாடுகளில் சீனாவுடன் முதலில் தூதரக உறவு தொடங்கியது மலேசியாதான். நேரம் குறைவு என்று தெரிந்த மனிதரின் வேகம் அது என்றே தோன்றுகிறது.

அவருடைய துணைப் பிரதமரும் நண்பருமான துன் டாக்டர் இஸ்மாயிலும் தம் புற்றுநோயை மறைத்தே வைத்திருந்தார். 1973இல் மாரடைப்பில் அவர் போனார். இரண்டரை ஆண்டுக்குள் ரசாக்கும். இருவரின் கல்லறைகளும் தேசியப் பள்ளிவாசலை ஒட்டிய மாவீரர் கல்லறை வளாகத்தில்தான் இருக்கின்றன.

மறைத்தது சரியா? கலவரம் கண்ட நாட்டில், தலைவர் பலவீனமானவர் என்று தெரிந்தால் பதவிப் போட்டி மூண்டிருக்கலாம். அந்தக் கவலை நியாயம்தான். ஆனாலும் தம்மை ஆள்பவரின் நிலைமையை அறிய மக்களுக்கு உரிமை இல்லையா? ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுத் தாங்கிக்கொள்ள வேண்டிய நிலைமை அவர்களுக்கு வந்தது.

மறுநாளே துன் ஹுசேன் ஓன் பிரதமரானார். ரசாக்கின் மனைவியும் அவர் மனைவியும் உடன்பிறந்த சகோதரிகள். அவருக்கும் இதயக் கோளாறு. ஆனா 1981இல் அவர் பதவி விலகியபோது, உடல்நலம்தான் காரணம் என்று நாட்டுக்கு வெளிப்படையாகவே சொல்லப்பட்டது.