வள்ளலார் கதையில் நாம் கவனிக்காமல் விட்ட அண்ணி!

‘எதிர்நீச்சல்’ சீரியல் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். கதையின் நாயகி ஜனனிதான். ஆனால், அடுப்படியில் நின்று முணுமுணுக்கிற நந்தினி, ரேணுகா, வாய் திறக்காமலே கண்ணால் பேசுகிற ஈஸ்வரி... இந்த மூணு பேருக்கும் கிடைத்த அன்பு வேற லெவல். இவங்களுக்காகவே ரீல்ஸ் வெட்டி, பாட்டு போட்டு, ஸ்டேட்டஸ் வெச்சவங்க எத்தனையோ பேர். நாயகிக்குப் பின்னாடி, கொஞ்சம் தள்ளி, கையில் கரண்டியோடு நிற்கிற பெண்களைத் தேடித் தேடிக் கொண்டாடுகிற ஒரு பழக்கம் நமக்கு இப்போது வந்திருக்கிறது. நல்ல பழக்கம்தான்.

அந்தக் கண்ணோடு வடலூர் பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கலாமா?

வடலூர் என்றதும் வள்ளலார். வெள்ளை வேட்டி, தலையோடு மூடிய வெள்ளைத் துணி, கட்டிய கை. ஸ்கூல் புத்தகத்தில் பார்த்த அதே படம். தைப்பூச ஜோதி, அணையாத அடுப்பு, வாடிய பயிர்... இவ்வளவு எல்லாருக்கும் தெரியும். ஆனால், அவர் வாழ்க்கையில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறார். அநேகமாக எல்லாரும் கையில் சோற்றோடு நிற்கிறார்கள். நாம்தான் அவர்களைத் தாண்டி அடுத்த சீனுக்கு ஓடிவிடுகிறோம்.

ஆறாவது மனைவி

சிதம்பரத்துக்கு வடமேற்கே மருதூர். அங்கே ஊர்க் கணக்கு எழுதியவர் இராமையா பிள்ளை. அவருக்கு ஐந்து மனைவிகள் ஒருவர் பின் ஒருவராக, குழந்தை இல்லாமலே இறந்துபோனார்கள். ஆறாவதாக வந்தவர் சின்னம்மை. பொன்னேரிக்குப் பக்கத்தில் சின்னகாவணம் அவருடைய ஊர். ஐந்து பேர் இறந்த வீட்டுக்கு ஆறாவதாக வாழப்போவது என்றால் அந்தப் பெண்ணுக்கு உள்ளுக்குள் என்ன ஓடியிருக்கும்? இதை எந்த வரலாற்றிலும் ஒரு பத்திகூட நின்று யாரும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

சபாபதி, பரசுராமன், உண்ணாமுலை, சுந்தரம்மாள் என்று நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரு நாள் கணவர் வீட்டில் இல்லாத நேரத்தில், பசியோடு ஒரு சிவனடியார் வாசலில் வந்து நிற்கிறார். சின்னம்மை உள்ளே அழைத்து, வயிறாரச் சோறு போடுகிறார். சாப்பிட்டுவிட்டு, உனக்கு ஒரு மகான் பிறப்பான் என்று அவர் வாழ்த்திவிட்டுப் போனதாக வள்ளலாரின் வரலாறு சொல்லும். 1823 அக்டோபர் 5 அன்று ஐந்தாவது பிள்ளை பிறந்தது. பெயர் இராமலிங்கம்.

ஐந்தாம் மாதம் குழந்தையைச் சிதம்பரம் கோயிலுக்குத் தூக்கிப் போனார்கள். ரகசியத் திரை விலகியபோது குழந்தை கலகலவென்று சிரித்தது என்ற கதை ரொம்பப் பிரபலம். அதற்கு அடுத்து நடந்தது அவ்வளவு பிரபலம் இல்லை. கைக்குழந்தை வளர்வதற்குள் இராமையா பிள்ளை இறந்துவிட்டார். ஐந்து பிள்ளைகள், கணவர் இல்லை, சம்பளம் இல்லை. சின்னம்மை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போனார். பிறகு அங்கிருந்து சென்னைக்கு. 1820-களில் ஒரு விதவைத் தாய் ஐந்து பிள்ளைகளோடு ஊர் விட்டு ஊர் மாறி குடும்பத்தை நிமிர்த்துவது சாதாரண வேலையா? நம் ஊர் சீரியலில் இதற்கே 300 எபிசோடு தாங்கும்.

பின்கட்டு வாசல்

சென்னை ஏழுகிணறு, வீராசாமி பிள்ளை தெரு. மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து சம்பாதித்து, குடும்பத்தைத் தாங்கினார். அவருடைய மனைவி பாப்பாத்தி அம்மாள். நம் கட்டுரையின் அண்ணி இவர்தான்.

தம்பியைப் பெரிய ஆளாக்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. முதலில் தானே பாடம் சொல்லிப் பார்த்தார். சரிவரவில்லை. தனக்கே ஆசிரியராக இருந்த காஞ்சிபுரம் மகாவித்வான் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். தம்பியோ பள்ளிக்குப் போகாமல் கந்தகோட்டம் முருகன் கோயிலில் போய் உட்கார்ந்துகொண்டு பாடிக்கொண்டிருந்தான். பையன் பாடுவதைக் கேட்ட ஆசிரியர், இவனுக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டாராம். அண்ணனுக்கு அது புரியவில்லை. கோபம் தலைக்கேறியது. இனி இவனுக்கு வீட்டில் சோறு கிடையாது, துணி கிடையாது, யாரும் எதுவும் தரக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

இந்த அண்ணனை வில்லன் ஆக்கிவிடாதீர்கள். அப்பா இல்லாத வீட்டில், சின்ன வயதிலேயே மொத்தப் பாரத்தையும் தோளில் வாங்கிய ஆள் அவர். தம்பி உருப்படாமல் போய்விடுவானோ என்ற பயம்தான் அப்படி வெளியே வந்தது. நம் வீடுகளிலும் பார்க்கிறோமே!

ஆனால், சோறு நின்றுபோனது ஒரு சிறுவனுக்கு. அவனுக்கு அப்போது ஒன்பது வயதுகூட ஆகவில்லை.

பாப்பாத்தி அம்மாள் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார். முன்வாசலில் கணவரின் உத்தரவு. பின்வாசலில் கொழுந்தனின் பசி. அவர் புருஷனோடு சண்டை போடவில்லை, பெரிய வசனமும் பேசவில்லை. கணவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, பின்பக்கமாக வரச்சொல்லி, பையனுக்குச் சோறு போட்டார். மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தே செய்த காரியம் அது. 1830 வாக்கில், புருஷன் சொல்லை ஒரு மருமகள் மீறுவது என்றால் எவ்வளவு ரிஸ்க் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, மாமனார் இராமையா பிள்ளையின் திதி வந்தது. வீடு நிறைய விருந்தாளிகள். வடை, பாயசத்தோடு இலை போட்டுச் சாப்பிட்டார்கள். எல்லாரும் எழுந்து போன பிறகுதான் சொந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு. அதுவும் பின்கட்டில், ஒளிந்து. இலையில் பரிமாறும்போது அண்ணிக்கு அழுகை அடக்க முடியவில்லை. ஏன் அழுகிறீர்கள் என்று பையன் கேட்டான். அண்ணன் சொல்கிறபடி கொஞ்சம் படித்தால் உனக்கு இந்த நிலைமை வருமா, உன் அப்பா திதிக்கு நீ இப்படியா சாப்பிட வேண்டும் என்று அவர் மனதில் இருந்ததைச் சொன்னார்.

அண்ணனின் அடியும் மிரட்டலும் செய்யாததை, இந்த அழுகை செய்தது. எனக்கு மாடியில் ஓர் அறை கொடுங்கள், நான் படிக்கிறேன் என்றான் பையன். அறை கிடைத்தது. அதில் ஒரு கண்ணாடியை மாட்டி, பூச்சூட்டி, விளக்கேற்றி, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். கண்ணாடிக்குள் தணிகை முருகன் தெரிந்தான் என்பது வள்ளலார் வாழ்க்கையின் முதல் பெரிய காட்சி. கண்ணாடி தெரியும், முருகன் தெரியும். அந்த அறையை வாங்கித் தந்த கண்ணீர்தான் யாருக்கும் ஞாபகம் இல்லை.

அம்மனே போட்ட வேஷம்

இதே அண்ணியைப் பற்றி இன்னொரு கதை உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது.

இராமலிங்கம் ஏழுகிணறிலிருந்து திருவொற்றியூர் வரை நடந்தே போய் வருவார். ஒரு நாள் திரும்பி வர ரொம்ப நேரமாகிவிட்டது. கதவு சாத்தியிருந்தது. தூங்குகிறவர்களை எழுப்ப மனமில்லாமல், பசியோடு திண்ணையிலேயே படுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அண்ணி வந்து எழுப்பி, சோறு போட்டுவிட்டு உள்ளே போனார். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். மறுபடியும் கதவு திறந்தது. மறுபடியும் அண்ணி. ஏன் சாப்பிடாமல் படுத்துவிட்டாய், எழுந்து வா என்கிறார். இப்போதுதானே போட்டீர்கள் என்றால், அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதலில் வந்தது திருவொற்றியூர் வடிவுடையம்மன் என்று பக்தர்கள் சொல்வார்கள்.

நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், கதையின் லாஜிக்கைக் கவனியுங்கள். அந்தப் பையனுக்குச் சோறு கொண்டுவர அம்மனே நினைத்தாலும், அண்ணி மாதிரி வேஷம் போட்டுத்தான் வரவேண்டியிருந்தது. ஒரு துணைக் கதாபாத்திரத்துக்கு இதைவிடப் பெரிய விருது வேறு என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு கதை வேகம் பிடிக்கிறது. அண்ணனுக்கு உடம்பு சரியில்லாத ஒரு நாள், அவருக்குப் பதிலாகச் சொற்பொழிவு மேடைக்குப் போன தம்பி சம்பந்தரைப் பற்றி இரவு நெடுநேரம் பேசி, கேட்டவர்களைக் கட்டிப்போட்டார். தம்பி யார் என்பது அன்றைக்குத்தான் அண்ணனுக்குப் புரிந்தது.

தனக்கோடி

இந்த இடத்தில்தான் எனக்குக் கை தயங்குகிறது.

1850-ல், இராமலிங்கத்துக்கு 27 வயதானபோது, வீட்டார் வற்புறுத்திக் கல்யாணம் செய்துவைத்தார்கள். பெண், அக்கா உண்ணாமுலையின் மகள் தனக்கோடி. முதல் இரவில் அவர் கையில் இருந்தது திருவாசகம். இல்லற வாழ்க்கையில் அவர் ஈடுபடவே இல்லை. 1858-ல் சென்னையை விட்டுக் கிளம்பி, சிதம்பரம் பக்கம் வந்துவிட்டார்.

சொற்பொழிவுகளில் இந்தத் திருவாசகக் காட்சி அவருடைய துறவுக்கு அடையாளமாகப் பெருமையோடு சொல்லப்படும். சரிதான். ஆனால், அந்த அறையில் இன்னொருவரும் இருந்தாரே! தாய்மாமனைக் கட்டிக்கொண்டு வந்த பெண். அவர் துறவு கேட்கவில்லை. அவரிடம் யாரும் சம்மதமும் கேட்கவில்லை. வரலாற்று நூல்கள் அவருக்கு ஒதுக்குவது இரண்டு மூன்று வரிகள்தான். கல்யாணம், திருவாசகம், அவ்வளவுதான். வள்ளலார் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கல்யாணத்துக்கு விலை கொடுத்தவர் தனக்கோடி.

பிற்காலத்தில் வள்ளலார் பெண்கள் விஷயத்தில் சொன்னவற்றைப் படிக்கும்போது ஆச்சர்யமாக இருக்கும். ஆண், பெண் வித்தியாசம் பார்க்காமல் பெண்களுக்கும் படிப்பு சொல்லித்தர வேண்டும் என்றார். கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம் என்றார். 150 வருடங்களுக்கு முன்னால் இப்படிப் பேசியது பெரிய விஷயம். ஆறு மாதக் குழந்தையிலிருந்தே விதவைத் தாயைப் பார்த்து வளர்ந்த மகன் அவர். இதைச் சொல்லும்போது சின்னம்மை ஞாபகத்தில் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

புதுக் கலயத்துத் தண்ணீர்

1858-க்குப் பிறகு சுமார் ஒன்பது ஆண்டுகள் அவர் தங்கியது கருங்குழியில், வேங்கட ரெட்டியார் வீட்டில். தண்ணீரில் விளக்கெரிந்த கதை நடந்த வீடு இதுதான். இதிலும் ஒரு பெண் இருக்கிறார். ரெட்டியாரின் மனைவி முத்தியாலு அம்மாள். அவர் அறைக்குத் தினமும் எண்ணெய் நிரப்பி வைப்பது இவருடைய பொறுப்பு. பழைய எண்ணெய்க் கலயம் உடைந்துபோக, புதுசு வாங்கி, மண் பாத்திரத்தைப் பழக்குவதற்காகத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு வெளியூர் போய்விட்டார். இரவு எழுதிக்கொண்டிருந்தவர், எண்ணெய் என்று நினைத்து அதையே விளக்கில் ஊற்ற, விடிய விடிய எரிந்ததாம்.

கதையில் அதிசயத்தை ஒரு பக்கம் வையுங்கள். வருடக்கணக்கில் ஒரு நாள் தவறாமல் எண்ணெய் இருந்தது என்பதால்தானே, கையை நீட்டியவர் பார்க்காமலே ஊற்றினார்?

சோறு எங்கிருந்து வந்தது?

1867 மே 23. பார்வதிபுரம் மக்கள் கொடுத்த நிலத்தில், வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கியது. 21 அடி நீள அடுப்பு. வள்ளலார் அன்று மூட்டிய தீ இன்று வரை அணையவில்லை. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல், பசி என்று வருகிறவர்களுக்கெல்லாம் சோறு. முந்தைய வருடம்தான் ஒரிசாவில் தொடங்கி சென்னை மாகாணத்தின் வடக்குப் பகுதி வரை பஞ்சம் அடித்திருந்தது.

ஜீவகாருண்யம், பசி என்னும் பிணி என்று அவருடைய தத்துவத்தைப் பற்றி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாம் படிக்கலாம். ஆனால், பசியை அவர் முதலில் படித்தது ஏழுகிணறு வீட்டின் பின்கட்டில். யாரிடமும் எதுவும் கேட்காமல் சோறு போடுவது எப்படி என்பதை ஒரு பெண் செய்து காட்டியதும் அங்கேதான். இது என் வாசிப்பு. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை.

1872 ஜனவரி 25-ல் எண்கோண வடிவ சத்திய ஞான சபை. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி நிகழ்த்திய பேருபதேசம். 1874 ஜனவரி 30 இரவு, அங்கே சித்தி வளாகத் திருமாளிகையில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அப்போது அவருக்கு 50 வயது.

வடலூர் போகிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. தைப்பூசத்தன்று ஏழு திரையும் விலக்கி ஜோதி காட்டுவார்கள். லட்சக்கணக்கில் கூட்டம் இருக்கும். அது ஓர் அனுபவம். ஆனால், கூட்டம் இல்லாத ஒரு சாதாரண நாளில், மதிய நேரமாகப் பார்த்துப் போங்கள். சபையைப் பார்த்துவிட்டு, தருமச்சாலைப் பந்தியில் உட்காருங்கள். சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்து அந்த அடுப்பை போட்டோ எடுக்கத் தோன்றும். கேப்ஷனில் வள்ளலார் பேர் எப்படியும் வந்துவிடும். பக்கத்தில் பாப்பாத்தி அம்மாள் பேரையும் சேர்த்துப் போடுங்கள்.