ஜெயிலுக்கு போன கணவர்... நாடக கம்பெனியை காப்பாற்றிய மனைவி: சிரிப்பு ஜோடி கலைவாணர்-மதுரம் கதை

நாகர்கோவில்,

பாடிக்கொண்டே சிரிக்க வைத்த ஜோடி என்றால் தமிழ்நாட்டில் பழைய ஆட்களுக்கு சட்டென்று நினைவுக்கு வருவது என்.எஸ்.கிருஷ்ணன்-டி.ஏ.மதுரம் ஜோடிதான். சினிமாவிலும் ஜோடி, வீட்டிலும் ஜோடி. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள்.

என்.எஸ்.கிருஷ்ணன் நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி பிறந்தார். அப்போது இந்த ஊர் திருவிதாங்கூர் ராஜாங்கத்தில் இருந்தது. ஏழை குடும்பம். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றுபோனது. டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டும் வேலை பார்த்தார். நாடக கொட்டகையில் தின்பண்டம் விற்றார். வில்லுப்பாட்டு கூட பாடினார். பிறகு டி.கே.எஸ். சகோதரர்கள் நாடக குழுவில் சேர்ந்தார். 1935-ல் வந்த மேனகா படத்தில் அந்த குழுவோடு சேர்ந்து சினிமாவிலும் தலை காட்டினார்.

புனாவில் சந்திப்பு

மதுரம் திருச்சி பக்கத்தை சேர்ந்தவர். 1936-ல் வெளியான வசந்தசேனா படத்துக்காக எல்லோரும் புனாவுக்கு ரெயில் ஏறினார்கள். அங்கேதான் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டு, கல்யாணத்தில் முடிந்தது. கிருஷ்ணனுக்கு ஊரில் ஏற்கனவே நாகம்மாள் என்ற மனைவி இருந்தார். பிற்காலத்தில் ஒழுகினசேரியில் கட்டிய பெரிய வீட்டுக்கு மதுர பவனம் என்றே பெயர் வைத்தார் கிருஷ்ணன்.

அந்த காலத்து காமெடி என்றால் அடி, உதை, கோணங்கித்தனம். இவர்கள் ரூட்டே வேறு. காமெடி பகுதியை தாங்களே யோசித்து, பாட்டு எழுதி வாங்கி, தனியாக படம் பிடித்து கொடுப்பார்கள். படம் சுமாராக இருந்தாலும் இந்த ஜோடிக்காகவே டிக்கெட் விற்றது. உடுமலை நாராயணகவி நிறைய பாட்டுகள் எழுதி கொடுத்தார்.

மதுரம் சும்மா பக்கத்தில் நின்று ஆடுகிறவர் இல்லை. கணவர் பெரிசாக அளந்து விடுவார். மதுரம் ஒரே வரியில் மடக்கி மூக்கை உடைப்பார். புருஷன்-பொண்டாட்டி சண்டையே பாட்டாக இருக்கும். தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறவன், நம்ம வீட்டு கதை மாதிரியே இருக்கே என்று விழுந்து விழுந்து சிரிப்பான். குடி கெடுதல், மூடநம்பிக்கை, படிப்பு என்று சொல்ல வந்த விஷயம் அந்த சிரிப்போடு உள்ளே போய்விடும்.

கொலை வழக்கு

1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அடுத்த மாதமே இந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைது ஆனார்கள். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஐகோர்ட்டு அப்பீலும் தோற்றது. சிரிப்பு ஜோடி பிரிந்தது.

அந்த நேரத்தில்தான் மதுரம் யார் என்று ஊருக்கு தெரிந்தது. ஒரு பக்கம் வழக்கு, இன்னொரு பக்கம் வயிற்றுப்பாடு. மூலையில் உட்கார்ந்து அழாமல், எஸ்.வி.சகஸ்ரநாமம் துணையோடு கணவர் பெயரிலேயே நாடக சபா நடத்தினார். அங்கே போட்ட பைத்தியக்காரன் நாடகம் படமாகவும் எடுக்கப்பட்டது.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மறுபடி விசாரிக்க உத்தரவு வந்தது. 1947 ஏப்ரலில் ஐகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது. கிருஷ்ணன் வெளியே வந்ததும் பைத்தியக்காரனில் அவருக்கும் ஒரு வேடம் சேர்த்தார்கள். அந்த ஆண்டே படம் வந்தது. பாகவதருக்கு பழைய மவுசு திரும்பவே இல்லை. ஆனால் கிருஷ்ணன்-மதுரம் ஜோடியை ஜனங்கள் மறுபடியும் கொண்டாடினார்கள். கலைவாணர் பட்டமும் 1947-ல் கிடைத்தது. பம்மல் சம்பந்த முதலியார் கொடுத்தார்.

அண்ணா கதை-வசனம் எழுதிய நல்லதம்பி 1949-ல் வந்தது. அதில் வரும் கிந்தனார் காலட்சேபம் ரொம்ப பிரபலம். நந்தனார் சிதம்பரத்துக்கு ஏங்கினார் என்றால், கிந்தன் பள்ளிக்கூடத்துக்கு ஏங்குகிறான். மணமகள், பணம் படங்களை கிருஷ்ணனே டைரக்டு செய்தார். 1955-ல் வந்த முதல் தேதி படத்தில், சம்பளம் வாங்கும் நாளின் கொண்டாட்டத்தையும் மாச கடைசி திண்டாட்டத்தையும் பாடினார். மாச சம்பளக்காரர்களுக்கு அந்த பாட்டு இன்றைக்கும் பொருந்தும்.

கையில் தங்காத பணம்

கேட்டவருக்கெல்லாம் அள்ளி கொடுத்தார். லட்ச லட்சமாக சம்பாதித்தும் கையில் தங்கவில்லை. உடம்பும் கெட்டது. 1957-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந்தேதி சென்னை பொது ஆஸ்பத்திரியில் 48 வயதில் இறந்தார். மதுரம் அதன் பிறகு 17 வருஷம் இருந்து, 1974-ல் காலமானார்.

சென்னையில் அரசு கட்டிய கலைவாணர் அரங்கம் அவர் பெயரை சொல்கிறது. 2020-ல் கொரோனா நேரத்தில் சட்டசபை கூட்டமே அங்கேதான் நடந்தது. அரங்கத்தில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது. ஆனால் அந்த பெயர் இரண்டரை வருஷம் ஜெயிலுக்குள் இருந்தபோது, அதை மேடையில் அணையாமல் காப்பாற்றியவர் மதுரம் என்பது குறிப்பிடத்தக்கது.