டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி பல வாரங்கள் இரவெல்லாம் இருமித் தூக்கமின்றி வாடினாள். ஆஸ்துமா என்றெண்ணி அவளுடைய அப்பத்தா தூதுவளைக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். இரத்தத்தைச் சோதித்தபோது ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மிக அதிகம் என்று தெரிந்தது. டாக்டர் மூன்று வாரம் மாத்திரை கொடுத்தார்; இருமல் நின்றது. அம்மாத்திரையின் வரலாற்றைத் தேடியபோது எங்களுக்குக் கிடைத்த பெயரே சுப்பாராவ்.

இவர் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். சிறுவயதில், காசியில் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரராகலாம் என்று வீட்டைவிட்டு ஓடினார். தாயார் வெங்கம்மா விடவில்லை. மீட்டு வந்து படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முறைதான், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். (பொதுத்தேர்வை எதிர்நோக்கியிருக்கும் எங்களுக்கு இதைப் படித்ததும் சற்றுத் தெம்பு வந்தது!)

சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்து அறுவைச் சிகிச்சைக்கு நின்றார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. அதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்த துயரமும் அவர் நெஞ்சில் இருந்தது.

1922-இல் அமெரிக்கா சென்றார். பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் இரவு வேளைகளில் நோயாளிகளின் மலச்சட்டிகளைச் சுத்தம் செய்து பிழைத்தார். ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து, நம் பாடநூலில் உள்ள ஏ.டி.பி. தசையில் இருப்பதைக் கண்டார். ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாததால், 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் குழுவினர் ஸ்ப்ரூவுக்கு உதவும் ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தனர்.

இனி எங்கள் தோழியின் நோய்க்கு வருவோம். யானைக்கால் நோய்ப் புழுவின் நுண்குஞ்சுகள் நுரையீரலில் சிக்கும்போது, சிலருடைய உடல் அளவு மீறி எதிர்க்கிறது. ஈசினோஃபில்கள் திரண்டு வந்து நச்சுப் புரதங்களைக் கொட்டுகின்றன. புழுவை அழிக்க வந்த புரதங்கள் நுரையீரலையே புண்ணாக்குகின்றன; எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போலத்தான். கவனிக்காமல் விட்டால் அப்புண் நிரந்தரத் தழும்பாகிவிடலாம். 1940-இல் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் டாக்டர் ஃபிரிமோட்-மொல்லர், காசநோய் போலத் தோன்றும் இந்நோய் காசநோயன்று என்று எழுதினார். பின்னர் இதற்கு ஆர்செனிக் கலந்த ஊசி போட்டார்கள். நினைத்தாலே நடுக்கம்!

1947-இல் சுப்பாராவின் குழுவினர் யானைக்கால் நோய்க்காக ஹெட்ரசான் என்னும் மருந்தை வெளியிட்டனர். நுரையீரல் நோய்க்கும் அது கைகொடுக்கும் என்பது பிறகு தெரிந்தது. புழுக்குஞ்சுகள் அழிந்தால் புரதங்களின் சீற்றமும் தணிந்துவிடுகிறது.

1948 ஆகஸ்டு மாதம், 53-ஆம் வயதில் அவர் அமெரிக்காவிலேயே காலமானார். 1922-இல் கப்பலேறியவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. அவருடைய நூற்றாண்டையொட்டி 1995-இல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. ஊரில் காத்திருந்த மனைவி சேஷகிரி மட்டும் அவரை மீண்டும் காணவில்லை.