ரண சிகிச்சைப் பேராசான் அபுல் காஸிம் அல் ஸஹ்ராவி

காலை முதல் இரவு வரை கடையில் நின்று பிழைக்கும் நமக்குக் கால் பெருவிரல் வலி புதிதல்ல. நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கிக் குத்தும். விரல் சிவந்து வீங்கும். பிறகு சீழ் வைக்கும். உடனே நம்மவர் செய்வது என்ன? சவர பிளேடை எடுத்துத் தாமே தோண்டிவிடுவது! சென்ற ஆண்டு நாமும் அவ்வாறே செய்தோம். நமக்குச் சர்க்கரை வியாதி உண்டு என்பதையும் மறந்தோம். புண் ஆறவில்லை. இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் விரலையே எடுக்க நேர்ந்திருக்கும் என்று டாக்டர் கண்டித்தார். வீட்டில் காலை நீட்டிக் கிடந்த அந்த நாட்களிலேதான் ஒரு பெரியாரின் சரித்திரம் நம் கைக்குக் கிடைத்தது. அதை வாசக அன்பர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் ஸ்பெயின் தேசத்துக்கு அந்தலுஸ் என்று பெயர். அதன் தலைநகர் குர்துபா. கி.பி. 936-ம் ஆண்டு மூன்றாம் அப்துர் ரஹ்மான் அந்நகரின் அருகே மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரண்மனை நகரைக் கட்டத் தொடங்கினார். அந்த ஊரின் பெயரையே தம் பெயரோடு தாங்கியவர் அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அல் ஸஹ்ராவி. ஏறக்குறைய அதே காலத்தில் பிறந்தவர். ஐரோப்பியர் அவரை அல்புகாஸிஸ் என்று அழைத்தனர்.

சுமார் ஐம்பது ஆண்டுகள் வைத்தியத்தில் உழைத்த அவர், கி.பி. 1000-ம் ஆண்டை ஒட்டிக் கிதாபுத் தஸ்ரீஃப் என்னும் பெரு நூலை எழுதி முடித்தார். அது 30 பாகங்கள் கொண்டது. கடைசிப் பாகம் முழுவதும் ரண சிகிச்சையைப் பற்றியது. சூடு போடுதல், கத்தியால் அறுத்தல், முறிந்த எலும்பைக் கட்டுதல் என்று மூன்று பகுதிகளாக அதை வகுத்தார். சுமார் 200 ஆயுதங்களைப் படம் வரைந்தும் காட்டினார். மாணவர்களைத் தம் பிள்ளைகள் என்றே அழைத்து எழுதினார்.

மூத்திரப்பைக் கல்லை எடுப்பது போன்ற பெரிய காரியங்களை எழுதிய அதே கை, கால் விரல் நகத்தையும் அற்பமாக எண்ணவில்லை. நகத்தின் மூலை சதையைக் குத்தினால், மெல்லிய சலாகை ஒன்றை அதன் அடியில் விட்டு நகத்தை உயர்த்த வேண்டும். மிகுந்து வளர்ந்த சதையைப் பதமாக அறுக்க வேண்டும். எஞ்சிய சதையை அரிக்கும் மருந்து வைத்துத் தீர்க்க வேண்டும் என்று முறைப்படுத்தினார். அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பவுலஸ் என்ற கிரேக்க வைத்தியரும் இம்முறையை எழுதியிருந்தார். முன்னோர் அறிவைக் கற்று, தம் அனுபவத்தையும் சேர்த்துப் பின்னோருக்குக் கொடுப்பதே ஸஹ்ராவியின் வழக்கம்.

உடலின் அமைப்பை அறியாதவன் கத்தியைத் தொடலாகாது என்பதே அவருடைய முதல் பாடம். அதற்குத் தாம் அறிந்த சங்கதிகளையே சாட்சியாக வைத்தார். ஒரு மாதின் கழுத்துக் கட்டியை அரைகுறை வைத்தியன் ஒருவன் அறுத்தான். இரத்தக் குழாய்கள் அறுபட்டு அவள் மாண்டாள். வயோதிகர் ஒருவரின் கல்லை வேறொருவன் எடுக்கப் போய், மூத்திரப்பையில் ஒரு துண்டும் சேர்ந்து வந்தது. சில நாட்களில் அவரும் இறந்தார். இவற்றைப் படித்தபோது நம் கையிலிருந்த பிளேடு நினைவுக்கு வந்து வெட்கப்பட்டோம்.

கி.பி. 1010-ஐ ஒட்டி உள்நாட்டுக் கலகத்தில் மதீனத்துஸ் ஸஹ்ரா பாழாயிற்று. ஏறத்தாழ 1013-ல் ஸஹ்ராவியும் வபாத்தானார். மாளிகைகள் மண்ணாயின, கிதாபு நிலைத்தது. 12-ம் நூற்றாண்டில் துலைத்துலா நகரில் ஜெரார்டு என்பவர் ரண சிகிச்சைப் பாகத்தை லத்தீனில் தர்ஜுமா செய்தார். 1497-ல் அது வெனிஸ் நகரில் அச்சேறியது. பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய வைத்தியர்கள் அதைப் பாடமாக ஓதினர்.

இன்று டாக்டர்கள் விரலை ஊசியால் மரக்கச் செய்து, குத்தும் ஓரத்தை மட்டும் நீளவாக்கில் எடுத்துவிடுகிறார்கள். அந்த ஓரம் மீண்டும் முளைக்காதபடி வேரில் பீனால் மருந்தைத் தடவுகிறார்கள். சிறிது நேர வேலைதான். அன்றே வீடு திரும்பலாம்.

ஆகவே அன்பர்களே! நகத்தை மூலையில் வளைத்து வெட்டாமல் நேராக வெட்டுங்கள். விரலை நெருக்கும் சப்பாத்தை விலக்குங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் தினமும் காலைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்தாலும் வலி தெரியாது. நகம் குத்தினால் அறிந்தவர் கையில் ஒப்படையுங்கள். கணக்குத் தெரியாதவனிடம் கல்லாப் பெட்டியைக் கொடுக்காத நாம், வைத்தியம் தெரியாத கையில் நம் காலைக் கொடுக்கலாமா?

அப்பேரறிஞரின் கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.