வடலூரில் மூட்டிய அடுப்பு



ஆண்டு முடிவு நெருங்கும்போது எமது கோயில் மடைப்பள்ளியில் இரண்டு வேலைகள் ஒன்றாக வந்து சேரும். திருவெம்பாவைப் பூசைக்கான ஆயத்தம் ஒன்று. நத்தார் விடுமுறைக் காலத்தில் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, மா, பால்மா என்று பொதி கட்டுவது மற்றது. இந்த இரண்டாவது வேலைக்கு உதவ வரும் இளம்பிள்ளைகளிற் சிலர், இது இந்நாட்டு மக்களைப் பார்த்து நாம் பழகிக்கொண்டது என்று எண்ணுகிறார்கள். அவர்களிடம் நல்லதைப் பழகுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆயினும் தமிழ் மண்ணில் 1867ஆம் ஆண்டிலேயே இதற்கென்று ஒருவர் மூட்டிய அடுப்பு இன்னமும் எரிந்துகொண்டிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. அவர் வள்ளலார் என்று நாம் போற்றும் இராமலிங்க சுவாமிகள். நீரில் விளக்கெரிந்தது முதலான அற்புதங்கள் பல நூல்களில் உண்டு. நாம் இங்கே அவற்றுக்குள் இறங்கவில்லை. சோற்றுப் பானையைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

சுவாமிகள் 1823ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 5ஆம் திகதி, சிதம்பரத்துக்கு அருகே மருதூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இராமையாபிள்ளை அவ்வூர்க் கணக்குப்பிள்ளை. பிள்ளைகளுக்குப் படிப்பும் சொல்லிக் கொடுத்தவர். (கணக்கெழுதிப் பிழைக்கும் எம்போன்றோருக்கு இது சிறியதொரு பெருமை.) தாயார் சின்னம்மையார். ஐந்து பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையார் காலமாகிவிட்டார். உழைக்கிற ஆள் போய்விட்ட வீடு என்ன பாடுபடும் என்பதை எமது வாசகர்களிற் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. தாயார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் தாம் பிறந்த பொன்னேரிப் பக்கம் போனார். அதன்பின் குடும்பம் சென்னைப்பட்டணம் வந்து சேர்ந்து, ஏழுகிணறு வட்டாரத்தில் வீராசாமிப்பிள்ளை தெருவிலே குடியிருந்தது. மூத்தவர் சபாபதிபிள்ளை புராணப் பிரசங்கம் செய்து, அந்த வருமானத்தில் எல்லாரையும் தாங்கினார்.

சிறுவனுக்குப் பள்ளிக்கூடத்தில் மனம் செல்லவில்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே கதி என்று கிடந்தான். தம்பியும் தலையெடுத்தால்தான் வீடு நிமிரும் என்று நம்பியிருந்த தமையனார் கோபங்கொண்டு, படிக்க வரும்வரை அவனுக்கு வீட்டில் சோறு போடக்கூடாது என்று மனைவியாருக்குக் கட்டளையிட்டார். அண்ணியார் பெரிய மனசுக்காரி. கணவன் வெளியே போன நேரம் பார்த்துத் தம்பியைக் கூப்பிட்டு ஒளித்துச் சோறு கொடுத்து வந்தார்.

இப்படியிருக்க அவர்களுடைய தகப்பனாரின் திதி வந்தது. வீடு நிறைய விருந்தாளிகள், இலை போட்டு வடை பாயசத்தோடு சாப்பாடு. சொந்தத் தகப்பனின் திதியில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் பந்தியில் இடம் இல்லை. எல்லாரும் உண்டு போனபின் மறைவாக வந்து சாப்பிட உட்கார்ந்தான். பரிமாறும்போது அண்ணியாருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எல்லாரோடும் இருந்து சாப்பிட வேண்டிய பிள்ளை இப்படி ஒளித்துச் சாப்பிடுகிறதே என்று அழுதார். அந்த அழுகையைக் கண்ட பிறகுதான் சிறுவன், தான் வீட்டிலேயே இருந்து படிப்பதாகவும் தனக்கு ஓர் அறை வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டானாம். அந்த அறையில் கண்ணாடியை வைத்துத் தணிகை முருகனைக் கண்டது முதலான செய்திகளைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எமக்கு இந்தத் திதிச் சாப்பாடுதான் மனதில் நிற்கிறது. பசி பொல்லாதது. ஆனால் ஊரெல்லாம் உண்டு மகிழும் நாளில் ஒருவன் தனியே பசித்திருப்பது அதனிலும் பொல்லாதது. பிற்காலத்தில் சுவாமிகள் எழுதியவற்றைப் படிக்கும்போது அந்த நாள் நினைவுக்கு வராமல் இராது.

இளமையிலேயே தமையனாருக்குப் பதிலாகப் பெரியபுராணப் பிரசங்கம் செய்து கேட்டோரை வியக்க வைத்தார். 1850ஆம் ஆண்டில் உறவினர் வற்புறுத்தலால் தமக்கையாரின் மகளை மணந்தார். பெயரளவிலேதான் இல்லறம். அந்தப் பெண்ணின் வாழ்வு என்னவாயிற்று என்று சரித்திரம் எழுதினோர் அதிகம் கேட்கவில்லை. 1858ஆம் ஆண்டில் சென்னையை விட்டுத் தெற்கே யாத்திரை போனவர், சிதம்பர தரிசனம் செய்து, வடலூருக்கு அண்மையிலுள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். ஏறக்குறைய ஒன்பது வருடம் அங்கேதான். இரண்டு வெள்ளைத் துணிகளும் முக்காடும்தான் அவர் உடை. 1865ஆம் ஆண்டில் சாதி சமய பேதமற்ற சன்மார்க்க சங்கத்தை நிறுவினார்.

அந்தக் காலம் நல்ல காலம் அல்ல. 1866ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் பஞ்சம், அரிசி விலை ஏற்றம். வடலூரோ பல ஊர்களுக்குப் போகும் பாதைகள் சந்திக்கும் வெட்டவெளி. வழிப்போக்கரும் ஏழைகளும் கடந்து போகும் இடம். சத்திரங்கள் வேறிடங்களிலும் உண்டுதான். ஆனால் பல சத்திரங்களில் யார் எந்தச் சாதி என்று பார்த்தே இலை போடுவார்கள். சுவாமிகள் கேட்டது, பசி ஒன்றையே தகுதியாகக் கொள்ளும் ஓர் இடம். அதற்கு நிலம் கொடுத்தது பெரிய சமீன்தார் அல்ல. அந்தப் பகுதி ஊரார் பலர் ஒன்றுகூடிச் சுமார் 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். இந்தச் செய்தியை எமது சங்க அங்கத்தவர்கள் ஒன்றுக்கு இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். ஒரு பெரும் தனவந்தர் வருவார் என்று காத்திருந்தால் கட்டடநிதி போலத்தான் முடியும்.

1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் திகதி, பிரபவ வருடம் வைகாசி 11, சத்திய தருமச்சாலை திறக்கப்பட்டது. மண்சுவரும் கூரையுமான எளிய கட்டடம். சுவாமிகள் கையால் மூட்டிய அடுப்பு 21 அடி நீளமானது. அன்று தொட்டு அந்த நெருப்பு அணைக்கப்படாமல் காக்கப்பட்டு வருகிறது. வருவோருக்குச் சோறும் கிடைத்து வருகிறது.

கணக்கு வேலை தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள பாரம் விளங்கும். ஒருநாள் அன்னதானம் சுலபம். உபயகாரர் பெயர் போட்டு, சாமான் பட்டியல் எழுதி, மிஞ்சியதைப் பெட்டிகளில் கொடுத்தனுப்பினால் கணக்கு முடிந்தது. ஆனால் பசித்தவர் நாளையும் வருவார், மறுநாளும் வருவார். அவருக்குத் திருவிழா முடிந்தது தெரியாது. அரிசி, உப்பு, புளி, விறகு, தண்ணீர், சமையலுக்கு ஆள், பானை கழுவ ஆள், இத்தனையும் நாள் தவறாமல் வேண்டும். ஒருநாள் சாலையில் மறுநாளைக்கு அரிசி இல்லை என்று பொறுப்பாளர் வந்து சொன்னார் என்றும், நாளை வரும் என்று சுவாமிகள் சொல்ல, விடிய வண்டிகளில் அரிசி வந்து சேர்ந்தது என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. பக்தர்கள் வண்டி வந்ததைப் பெரிதாகச் சொல்வார்கள். முதல்நாள் இரவே மூட்டையைப் பார்த்து, இல்லை என்று வாய்திறந்து சொன்ன அந்தப் பொறுப்பாளரையும் நாம் மெச்சுகிறோம். தருமம் நடக்கும் இடத்தில் அப்படி ஒருவர் இருந்தேயாக வேண்டும்.

சாலை திறந்த அன்று, சுவாமிகள் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை வாசிக்கப்பட்டது. அவருடைய பாடல்களை அறிந்த அளவுக்கு எம்மவர் அந்த உரைநடையை அறியவில்லை. பசி ஏறும்போது உடம்பும் அறிவும் என்ன பாடுபடும் என்பதை வைத்தியர் போலப் படிப்படியாகச் சொல்கிறார். பசித்தவர் எந்தத் தேசத்தவர், எந்தச் சமயத்தவர், எந்தச் சாதி, என்ன நடத்தை உடையவர் என்று ஆராயாமல் உணவு கொடுக்க வேண்டும் என்கிறார். தன் வீட்டாரைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்குக் கொடுப்பதையும் அவர் ஏற்கவில்லை. அவரவர் சக்திக்கு ஏற்றபடி என்பதே அவர் கணக்கு. கலியாண வீட்டுக்காரரை மட்டும் விடமாட்டார். பந்தல் அலங்காரம், பாட்டு, வாத்தியம், ஊர்கோலம், பலகாரம் என்று மகிழ்ந்திருக்கும் நேரத்தில் பசித்தவன் முகத்தைப் பார்க்கவும் சம்மதியாதவர்களுக்கு, அந்த மகிழ்ச்சியின் நடுவே ஓர் ஆபத்து வந்தால் பந்தலும் பலகாரமும் வந்து தடுக்குமா என்று கேட்கிறார். எமது மண்டபக் கலியாணங்களையும் பூப்புனித நீராட்டு விழாக்களையும் அவர் கண்டதில்லை!

இன்னோர் இடம் எம்மை நிறுத்தி வைத்தது. மானத்தோடு வாழ்ந்த ஒருவர் பசியால் வருந்தும்போது பிறரிடம் போய்க் கேட்க நா எழாமல் உள்ளுக்குள்ளே கலங்குவதை அவர் எழுதியிருக்கிறார். எமது சனத்தின் நிலை அதுதான். ஊரில் நெல்லும் தேங்காயும் அள்ளிக் கொடுத்த கை, இங்கே உணவு வங்கி வரிசையில் நீளுவதற்கு எவ்வளவு தயங்கும் என்பது அகதியாக வந்த எமக்குத் தெரியும். நத்தார் விடுமுறை எல்லாருக்கும் ஓய்வு அல்ல. மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்குத் தொழிற்சாலை இரண்டு கிழமை பூட்டினால் இரண்டு கிழமைச் சம்பளம் இல்லை. பள்ளிக்கூடம் பூட்டினால் அங்கே மதியச் சாப்பாடு கிடைத்த பிள்ளை வீட்டில் இருக்கும். அதே மாதத்தில் வீட்டுச் சூடாக்கிக் கட்டணம் கூடும். பிள்ளைகளின் சிநேகிதர் வீடுகளில் மின்விளக்கும் பரிசுப் பொதியும். தகப்பனுக்கு வேலை போனதை ஒன்றுவிட்ட சகோதரனுக்கே சொல்லாத குடும்பம், கோயிலில் பெயர் பதிய வருமா?

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் இங்கே இடைமறித்து, வள்ளலாரை எதிர்த்தவர் எமது நாவலர் அல்லவா என்று கேட்கக்கூடும். உண்மைதான். அவர் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்ற விவாதம் முற்றி, 1869ஆம் ஆண்டில் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கின் சூடு இரு பக்கத்து அபிமானிகளிடமும் நெடுங்காலம் ஆறவில்லை. ஆனால் 1877ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது நாவலர் பெருமான் என்ன செய்தார்? பொருள் சேர்த்து, கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். நீதிமன்றத்தில் ஒத்துப்போகாத இருவரும் அடுப்படியில் ஒத்துப்போனார்கள் என்பது எமது எண்ணம். கோயில் நிர்வாகசபைத் தேர்தல் முடிந்து ஒருவரோடு ஒருவர் கதையாமல் இருப்பவர்களும் ஒரே மேசையில் நின்று பொதி கட்டலாம்.

சுவாமிகள் 1870ஆம் ஆண்டில் மேட்டுக்குப்பம் சென்று தங்கினார். 1872ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று வடலூரில் சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. அங்கே விக்கிரகம் இல்லை. ஏழு திரைகளை நீக்கியபின் சோதி தரிசனம். ஆகம வழியில் நடக்கும் எமது கோயிலுக்கு அது வேறு பாதை. அதை மறைத்து எழுத நாம் விரும்பவில்லை. 1873ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தமது அறையிலிருந்த விளக்கை வெளியே வைத்து, அதை வழிபட்டு வருமாறு அன்பர்களிடம் சொன்னார். 1874ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30ஆம் திகதி தைப்பூச நாளில் அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டார். பிறகு அவரை எவரும் காணவில்லை. அப்போது அவருக்கு ஐம்பது வயது. வடலூரில் இன்றும் தைப்பூசத்துக்குத் திரளும் சனத்துக்குச் சாலையில் சாப்பாடு உண்டு.

எமது மடைப்பள்ளி விடயத்துக்கு வருகிறோம். விடுமுறைப் பொதி வேண்டிய குடும்பம் எதுவும் படிவம் நிரப்பத் தேவையில்லை. தெரிந்த ஒருவர், ஐயரிடமோ செயலாளரிடமோ காதோடு காதாக விலாசத்தை மட்டும் சொன்னால் போதும். பட்டியல் ஒருவர் கையில் மாத்திரம் இருக்கும். பொதி கொண்டுபோகும் வாகனக்காரர் வாசலில் வைத்து மணியடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். படம் எடுப்பதோ ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பதோ இல்லை, கொடுத்தவர் பெயரும் அப்படியே. சைவர் அல்லாதவர், தமிழர் அல்லாதவர் விலாசமும் தரலாம். உதவிக்கு வரக்கூடியவர்கள் சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் மடைப்பள்ளிக்கு வரவும். மரக்கறி வெட்டக் கத்தி போதாது, முடிந்தவர்கள் ஒன்று கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.